ஆறடி விளக்குமாறு

ஜீவராணி விளக்கைப் பற்றவைத்து நெருப்புப்பெட்டியைச் சாமித்தட்டில் வைத்த நேரத்தில், தயாபரன் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் வந்து நின்றான்.

"ராணி, வாசக் கூட்டுற வெளக்குமாற எடு."

"என்னாத்துக்கு?"

"ஷெட்டுக்கு."

"வெளக்கு வச்சாச்சுங்க. இந்நேரத்துல யாராச்சும் வெளக்குமாற வீட்ட விட்டு வெளிய குடுப்பாங்களா? லெச்சுமியும் கூடவே கெளம்பிப் போயிருவா. காலையில வெள்ளன எடுத்துட்டுப் போங்க."

அவன் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். கொய்யாக் கம்பு போட்ட நீள விளக்குமாறு அங்கேதான் சாய்ந்திருந்தது. ஜீவராணி அந்தக் கம்பை மறைத்து அதன் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு, முடியாது என்று தலையை ஆட்டினாள். பாதி விளையாட்டு, பாதி நிசம்.

அவன் சிரித்தான். "சரி, லெச்சுமி வீட்டுலயே இருக்கட்டும்."

ஊற்றி வைத்திருந்த தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்தான். கோப்பையை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, தொழிற்சாலைக்குப் போகும் கல்படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினான். அவன் எப்போதும் அப்படித்தான் ஏறுவான். அதனால் அவள் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

இருபது நிமிடத்தில் மேலே சங்கு ஊதியது. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் தயாபரன் இறந்துபோனான்.

*

பதினோராம் நாள் பகல், மழை சற்று விட்டிருந்த நேரத்தில், ஒரு சிவப்பு த்ரீவீல் கறுவாக்கல் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் வாசலுக்கு இருமிக்கொண்டு ஏறி வந்தது. அதிலிருந்து சாம்பல் நிற அபாயாவும் ரப்பர் பூட்சும் அணிந்த பெண் ஒருத்தி இறங்கினாள். வயது அறுபதுக்கு மேல். முஹ்ஸினா என்று பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்தாறு வருடம் எரிந்த கடைகளைப் போய்ப் பார்த்து, தானாக எரிந்ததா, எரித்தார்களா என்று சொன்னவள். ஓய்வு பெற்ற பிறகு, நியாயம் கேட்டு வருகிறவர்களுக்காக அதையே காசு வாங்காமல் செய்துவந்தாள்.

ஓட்டி வந்தவன் அவளுடைய அக்கா மகன் நப்ரீஸ். துப்பறிவதில் பாதி வேலை தன்னுடையது என்பது அவன் எண்ணம். மற்றப் பாதி பேசுவது.

"பயப்படாதீங்க அக்கா" என்றான் ஜீவராணியிடம். "சாச்சி எனக்குப் பொண்ணு பாக்கப் போன வீட்டுலயும் முதல்ல குசினிப் புகைக்கூட்டுக்குள்ளதான் தலைய விட்டா. அந்தச் சம்பந்தம் அதோட முடிஞ்சு."

"வாய மூடு நப்ரீஸ். மகள், அந்த அறிக்கையக் காட்டுங்க."

அறிக்கை ஒரே ஒரு தாள். 'காத்து ஷெட்' என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்லும் ஹைட்ரஜன் கூடத்தை நடத்திய கொழும்புக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி எழுதியது. வேலை முடிந்து கையெழுத்திட்டுப் போன ஊழியர், கூடத்தைக் கூட்டும் சாக்கில் திரும்பி வந்து உள்ளே பீடி பற்றவைத்ததால் தீ உண்டானது. மறுநாள் காலை பத்து மணிக்குத் தொழிற்சாலை ஆபீஸில் விசாரணை. அது முடிந்ததும் தாளில் எல்லாரும் கையெழுத்து வைப்பார்கள்.

"கூட்டினார் என்டு யாரு சென்ன?" என்று கேட்டாள் முஹ்ஸினா.

"நான்தான் மிஸ்." ஜீவராணி நிலத்தைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு ஐயா வந்து, எதுக்குத் திரும்பப் போனாருன்னு கேட்டாரு. ஷெட்டு கூட்டப் போனாருன்னு சொன்னேன். மறுநாளு வெளிநாட்டு ஆளுங்க பாக்க வர்றதா இருந்துச்சு. அதுக்குத்தான்னு நானே நெனச்சுக்கிட்டேன்."

"பீடி?"

"குடிப்பாரு. ஆனா ஷெட்டுப் பக்கம் குடிக்க மாட்டாரு. காலையில வேலைக்குப் பேரு குடுக்க பெரட்டுல நிக்கிறப்ப என் காதுபடவே சொல்றாங்க மிஸ், ஒரு பீடிக்கு ஆசப்பட்டு தோட்டத்தையே கொளுத்தப் பாத்தவன் பொண்டாட்டின்னு. அவரு போயிட்டாரு. அதுக்கு நான் அழுதுக்கிறேன். இந்தப் பேரு மட்டும் அவரு மேல இருக்கக் கூடாது."

முஹ்ஸினா ஆறுதல் சொல்லவில்லை. "அவர் எழுதி வச்சது ஏதும் ஈக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

சாமித்தட்டின் கீழே ஒரு சீஆர் கொப்பி இருந்தது. ஜீவராணி அதைப் பதினோரு நாளாகத் தொடவில்லை. முஹ்ஸினா கட்டிலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தாள். ஒரு பக்கத்தில் நின்று, உரக்க வாசித்தாள்.

"மழை மாதம். ஓடையில் தண்ணீர் ஏராளம். விறகு ஈரம். தேயிலை காயவைக்கிற அடுப்புக்குச் சூடு போதாது. நமக்கு ஹைட்ரஜன் தேவைப்படுவது இப்போதுதான், செய்ய முடிவதும் இப்போதுதான். வெயில் மாதம். ஓடை மெலிந்துவிடும். மெஷினை மூட வேண்டும். வருடம் பூராவும் ஓடும் என்று கம்பெனி சொல்வது நடக்காது."

"ஓடைத் தண்ணில கரண்டு எடுக்கிறாங்க என்டா, அந்தக் கரண்டாலேயே அடுப்பச் சூடாக்கலாமே?" என்றான் நப்ரீஸ். "எதுக்கு நடுவுல காத்துப் பிடிக்கிற?"

"அடுப்பு எரியிற நேரத்துக்கு அந்தக் கரண்டு காணாது. அடுப்பு அணைஞ்ச பிறகும் ஓடை நிக்கிறல்லையே, சும்மா ஓடுது. அந்த நேரத்துக் கரண்டாலதான் தண்ணியப் பிரிச்சுக் காத்தாச் சேத்து வைக்கிற." அவள் அடுத்த வரிக்குப் போனாள். "நூறு பங்கு கரண்டு போட்டால் நெருப்பாக அறுபது கிடைக்கும். திரும்பக் கரண்டாக எடுத்தால் முப்பதுதான். லைட் போட இது உதவாது. அடுப்புக்கு உதவும்."

"நூறு போட்டு அறுபதா? நட்டம்."

"உன்ட த்ரீவீல் நூறுல இருபதைத்தான் சக்கரத்துக்கு அனுப்புது. மிச்சமெல்லாம் உன்ட வாயாலயும் சைலன்சராலயும் போகுது."

ஜீவராணிக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. வந்த உடனே கண் நிறைந்துவிட்டது. இந்த அறுபதும் முப்பதும் அவன் படுக்கையில் கிடந்தபடி அவளிடம் சொன்னவைதான். "வெறகு வெட்ட மலையேறுற சனம் அதுல பாதியாவது கொறையும் ராணி, மழைக் காலத்துல" என்பான். ஆபத்தில்லையா என்று அவள் கேட்டால், "தண்ணியில இருந்து வர்ற காத்துதானே, தண்ணி மாதிரிதான் இருக்கும்" என்று திரும்பிப் படுத்துக்கொள்வான்.

"அடே, இந்த மனுஷன் விக்கிறவன் மாதிரி எழுதல்ல" என்றாள் முஹ்ஸினா கொப்பியை மூடிக்கொண்டு. "அளந்து பாக்கிற ஆளு மாதிரி எழுதி ஈக்கார். இப்பிடிக் கணக்குப் பாக்கிறவர் ஹைட்ரஜனுக்குப் பக்கத்துல பீடி பத்த வைப்பாரா? வாங்க, ஷெட்டப் பாப்பம்."

*

கல்படிகள் நூற்றுப்பத்து. மேலே, தொழிற்சாலைக்குப் பின்புறம், தகரக் கூரை போட்ட ஷெட் தனியாக நின்றது. வாசலில் தம்பையா காத்துக்கொண்டிருந்தார். ஷெட்டின் வாச்சர். காவலில் கவனக்குறைவு என்று பத்து நாளாக வேலையை விட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆனாலும் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஜீவராணியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

கேட்டின் பக்கத்தில் ஒரு பிஸ்கட் தகரம் கம்பியில் தொங்கியது.

"இது?"

"உள்ள போறவங்க போனு, நெருப்புப்பெட்டி எல்லாத்தையும் இதுக்குள்ள போட்டுட்டுத்தான் போகணும் மிஸ். தயா வச்ச சட்டம். ஒரு நாளு பெரிய தொரைகிட்டயே தகரத்த நீட்டிட்டாரு."

"அன்டைக்கு?"

"போனு, நெருப்புப்பெட்டி, பீடிக்கட்டு. மூணும் இதுக்குள்ளதான் கெடந்துச்சு. நான்தான் எடுத்து பொலிஸுக்குக் குடுத்தேன்."

"கேஸ் முடிஞ்சு!" என்றான் நப்ரீஸ். "பீடி வெளிய, ஆளு உள்ள."

"இன்னொரு நெருப்புப்பெட்டி மடியில வச்சிருந்தார் என்டு செல்லுவாங்க. நட."

உள்ளே குழாய்களும் மூன்று நீலத் தொட்டிகளும் இருந்தன. கூரையில் பெரிய வெள்ளை லைட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒரு குழாய் இணைப்புக்கு எதிரே இருந்த சுவர் நெஞ்சுயரத்தில் கறுத்திருந்தது. இணைப்புக்கு அப்பால் சக்கரம் போன்ற ஒரு வால்வு. மூலையில், பொலிஸ் எண் கட்டிய ஒரு கை விளக்குமாறு கிடந்தது. கம்பு இல்லாத, குனிந்து கூட்டுகிற சின்னது. அதன் ஈர்க்குகள் பாதிக்கு மேல் எரிந்திருந்தன.

முஹ்ஸினா அதைத் தூக்கிப் பார்த்தாள். "நப்ரீஸ், கூட்டிக்காட்டு."

அவன் குனிந்து கூட்டினான்.

"இப்ப அந்தச் சுவர்க் கறுப்பப் பாரு. நெருப்பு எந்த உயரம்?"

"நெஞ்சுக்கு... அட! நிலத்தக் கூட்டினா இது எப்பிடி எரியும்? கம்பெனிக்காரன் மாட்டினான் சாச்சி." அவன் முகம் உடனே வாடியது. "ஆனா ஒட்டறை அடிச்சார் என்டு சென்னா?"

"அதைத்தான் செல்லுவாங்க." அவள் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து ஜீவராணியிடம் நீட்டினாள். "இதை எப்பயாச்சும் பாத்தீங்களா மகள்?"

பென்சிலால் கிறுக்கிய ஒரு மனித உருவம். கையில் நீண்ட விளக்குமாறு. ஈட்டி பிடித்தாற்போல் அதை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்கிறது. கீழே அவனுடைய சாய்ந்த எழுத்து: விளக்குமாறு முன்னால், ஆள் பின்னால்.

"வெளையாட்டுக்கு வரஞ்சதுன்னு நெனச்சேன்."

"வெளையாட்டில்ல. ஹைட்ரஜன் நெருப்புக்குப் புகையில்ல, வாசமில்ல. வெளிச்சத்துல அது கண்ணுக்கே தெரியாது. இந்த லைட்டுக்குக் கீழ பக்கத்துல எரிஞ்சாலும் சும்மா காத்து மாதிரித்தான் ஈக்கும். லைட்ட அணைச்சுப் பாப்பம் என்டா, கசியிற இடத்துல சுவிட்சத் தொடவும் ஏலாது. அதால விளக்குமாற முன்னால நீட்டிட்டுப் போற. ஈர்க்கு எங்க பத்துதோ அங்க நெருப்பு. அதைச் சுத்திப் போய் வால்வ மூடுற."

"பழைய காலத்துப் பெரிய பெரிய எடத்துலயே அப்பிடித்தான் செஞ்சாங்களாம்னு தயா சொல்லுவாரு" என்றார் தம்பையா. "ரெண்டு தடவ என் கண் முன்னாலயே அப்பிடிப் போய் மூடியிருக்காரு. அன்னைக்கும் மூடினாரு மிஸ். நான் கேட்டுக்கு வெளிய நின்னு பாத்தேன். சட்டக்கை பத்திக்கிச்சு. பத்தின கையாலயே வால்வத் திருகினாரு. மூடலன்னா தொட்டி வெடிச்சிருக்கும். கீழ மொத லயம் இருந்திருக்காது."

முதல் லயத்தில் பன்னிரண்டு வீடு. அதில் மூன்றாவது ஜீவராணியுடையது.

முஹ்ஸினா சுவரோரமாக நடந்தாள். வாசலுக்கருகே, பச்சை மலையும் சூரியனும் போட்ட கம்பெனிப் போஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் மேல் விளிம்பில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருந்தது. போஸ்டருக்குக் கீழே சுவர்ப் பெயின்டில் ஒரு தேய்ந்த கோடு, நிலம் வரை. அவள் பையிலிருந்து டேப்பை எடுத்து ஆணியிலிருந்து நிலத்துக்கு அளந்தாள்.

"ஆறடி. இங்க நீளமா ஏதோ ஒன்டு கன நாளாத் தொங்கியிருக்கு."

"தயாவோட வெளக்குமாறு" என்றார் தம்பையா. "நீளக் கம்பு போட்டு அவரே கட்டினது. போட்டோ எடுக்க வர்றாங்க, ஹைட்ரஜன் ஷெட்டுல வெளக்குமாறு தொங்கினா கேவலம்னு கம்பெனி ஐயா முந்தின வாரம் தூக்கி எறிஞ்சுட்டாரு. நெருப்பக் காட்டுற பொட்டி ஒன்னு மாட்டினாங்க. அது மூணாம் நாளே ரிப்பேருக்குக் கொழும்பு போயிருச்சு."

நப்ரீஸ் போஸ்டரைப் பார்த்தான். எட்டி அந்த ஆணியை விரலால் தொட்டான்.

"சரி" என்றாள் முஹ்ஸினா. "பொலிஸுக்கு நீங்க சென்னபடி, ஆறு மணிக்கு உங்களுக்குக் காத்து சீறுற சத்தம் கேட்டுது. வீட்டுக்குப் போன மனுஷனப் போன்ல கூப்பிட்டீங்க. பாதி வழியில திரும்பி வந்தார். நீள விளக்குமாறு இல்ல. அப்ப என்ன செஞ்சார்?"

தம்பையா சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

"வீட்டுக்கு ஓடினாரு மிஸ். ராணிகிட்ட ஒன்னு இருக்கு, இந்தா எடுத்துட்டு வந்துர்றேன்னு ஓடினாரு. ஆனா வெறுங்கையோடதான் திரும்பி வந்தாரு. ஏன்னு கேக்க நேரமில்ல. உள்ள கூட்ட வச்சிருந்த இந்தச் சின்னத எடுத்துட்டுப் போயிட்டாரு. இது என்னா, ஒரு முழந்தானே இருக்கு. ஈக்கு பத்தின அதே நேரத்துல கையும் பத்திக்கிச்சு."

மழை திரும்பவும் தகரத்தில் விழத் தொடங்கியது.

ஜீவராணி கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் முதுகைத் தொட்டாள். அன்று கதவோரம் விளக்குமாற்றை மறைத்துச் சாய்ந்திருந்தது அவளுக்கு நினைவு வந்தது. கொய்யாக் கம்பின் கணு அப்போது முதுகில் உறுத்தியது. அதுவும் நினைவு வந்தது.

முஹ்ஸினா அவளைப் பார்த்தாள். எரிந்த இடங்களை இருபத்தாறு வருடம் பார்த்த கண்ணுக்கு விஷயம் புரிய அதிக நேரம் எடுக்கவில்லை. "நப்ரீஸ், தம்பையா அண்ணனோட போய் வெளிய குழாய எண்ணு" என்றாள்.

"எத்தின குழாய் சாச்சி?"

"போ என்டா போ."

அவர்கள் போனதும், முஹ்ஸினா மெல்லிய குரலில் பேசினாள்.

"மகள், கம்பெனி நீளக் கம்பத் தூக்கி எறிஞ்சத நான் எழுதித் தருவன். ஆனா உங்கட புருஷன் உள்ள போக முந்தியே அவருக்கு நெருப்புத் தெரியும் என்டு செல்ல, தம்பையா ஒராள்தான். அவர வேலைய விட்டு நிப்பாட்டி ஈக்காங்க. தன்னக் காப்பாத்தச் செல்றார் என்டுருவாங்க. வேற சாட்சி இல்ல என்டா..." அவள் நிறுத்தினாள். "இல்ல என்டா இல்ல. நான் உங்களுக்கிட்ட ஒன்டும் கேக்கல்ல. வெளங்குதா?"

விளங்கியது. கேட்காமல் விடுவதற்கு அந்த அம்மாள் எவ்வளவு பாடுபடுகிறாள் என்பதும் விளங்கியது.

"எங்கிட்டதான் கேட்டாரு மிஸ்" என்றாள் ஜீவராணி. "நான் குடுக்கல."

முஹ்ஸினா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் மிஸ் அவரு சொல்லல? நெருப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தூக்கிக் குடுத்திருப்பேனே. லெச்சுமியாவது ஒன்னாவது."

"நெருப்பு என்டா நீங்க அவரப் போக விட்டிருப்பீங்களா?"

ஜீவராணி கொப்பியை மழை படாமல் முந்தானையில் சுற்றினாள்.

*

மறுநாள் தொழிற்சாலை ஆபீஸ் நிறைய ஆட்கள். தோட்ட மேனேஜரான பெரிய துரை, கொழும்பு பாதுகாப்பு அதிகாரி, தொழிற்சங்கத் தலைவர், ஜன்னலுக்கு வெளியே கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள். முஹ்ஸினா பிஸ்கட் தகரத்தைப் பற்றிச் சொன்னாள். ஆணியைப் பற்றிச் சொன்னாள். பாதுகாப்பு அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒட்டறை அடித்திருக்கலாம்" என்றார். நப்ரீஸ் அதிகாரியைப் பார்க்காமல் சாச்சியைப் பார்த்தான்.

ஜீவராணி எழுந்தாள்.

"சார், அன்னைக்குக் கூட்டப் போனாருன்னு நான் சொன்னது தப்பு. ஷெட்டு கூட்ட அங்கயே வெளக்குமாறு இருந்துச்சு. ஒட்டறை அடிக்கிறதா இருந்தாலும் நாளைக்குன்னு விட்டுருப்பாரு. பீடி குடிக்கப் போற மனுசன் ஆறடி வெளக்குமாறு கேட்டு வீட்டுக்கு ஓடி வருவாரா? எங்க வீட்டு வாசல்ல நின்னு கேட்டாரு. சப்பாத்தக் கூடக் கழட்டல. உள்ள நெருப்பு இருக்குன்னு தெரிஞ்சுதான் கேட்டாரு."

"நீங்க கொடுத்தீங்களா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"வெளக்கு வச்சிருந்தேன்."

அதிகாரிக்குப் புரியவில்லை. பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டாம் முறையும் கேட்டார், "ஏன் கொடுக்கல?" ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரட்டில் பீடியைப் பற்றிப் பேசியவளும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றாள். அவள் வீட்டிலும் அந்நேரம் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவளும் கொடுத்திருக்க மாட்டாள்.

பெரிய துரை தாளைத் தன் பக்கம் இழுத்தார். 'பீடி' என்ற சொல்லையும் 'கூட்டும் சாக்கில்' என்ற சொற்களையும் தன் கையாலேயே வெட்டினார். கசிந்து எரிந்துகொண்டிருந்த இணைப்பைக் கண்டுபிடித்து, பிரதான வால்வை மூடிய பின் தீக்காயத்தால் இறந்தார் என்று எழுதினார். ஜீவராணி அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்து வைத்தாள்.

ஷெட்டைத் திரும்பத் திறப்பதா, இழுத்து மூடிவிடுவதா என்பதை அன்று முடிவு செய்யவில்லை. தயாபரனின் கொப்பியைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். முஹ்ஸினா எழுதிய சிபாரிசுகளில் முதலாவது, அந்த ஆணியில் திரும்பவும் ஆறடி விளக்குமாறு தொங்க வேண்டும் என்பது.

எல்லாம் முடிந்து மாலையில் த்ரீவீலில் ஏறுமுன் நப்ரீஸ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "அக்கா, வழமையா இப்ப நான் ஏதாச்சும் பகிடி செல்லுவன்" என்றான். "இன்டைக்கு ஒன்டும் வருதில்ல."

"இன்னொரு நாளைக்கு வந்து சொல்லுங்க தம்பி."

அவர்கள் போன பிறகு அவள் படியிறங்கி வீட்டுக்கு வந்தாள். ஓடை நிறைந்து இரைந்துகொண்டிருந்தது. மழையில் வாசல் முழுக்கச் சருகு. கூட்ட நினைத்தாள். நேரத்தைப் பார்த்தாள். ஆறு மணி.

கைகால் கழுவி, திரி போட்டு, விளக்கைப் பற்றவைத்தாள். வாசல் கூட்டாமலே கிடந்தது. நீள விளக்குமாறு கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. அதன் ஈர்க்கு ஒன்றுகூடக் கருகவில்லை.